தர்மபுரியில் ஏழு டிசம்பர்

துணிக்கடை வாசலில் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நிற்கிற கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்தால் எனக்குத் தாமஸ் மன்றோ ஞாபகம்தான் வரும். சம்பந்தம் இருக்கு, சொல்றேன்.

1792-ல் மூன்றாம் மைசூர் போர் முடிந்து உடன்படிக்கை ஆனபோது, திப்பு சுல்தான் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த சீமைகளில் ஒன்று பாராமகால். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதில் அடக்கம். வரி வசூலைக் கவனிக்க கேப்டன் ரீடை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் மன்றோ. கிளாஸ்கோக்காரர், 1780-லேயே மதராஸில் வந்து இறங்கியவர். அப்பா வர்ஜீனியாவோடு வியாபாரம் செய்தவர்; அமெரிக்க சுதந்திரப் போரில் எல்லாம் படுத்துவிட்டது. ஆக, பையன் இங்கே சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலைமை. துபாய்க்குப் போன நம்ம பக்கத்துப் பையன் கதைதான், திசை மட்டும் வேற.

1799 வரை இந்தப் பக்கம்தான் வாசம். ஏழு டிசம்பர். அந்த 25-ஆம் தேதிகளில் மனுஷன் என்ன பண்ணியிருப்பார்? கூடாரத்துக்குள் மரம், கலர் காகிதம் என்று சினிமாத்தனமாகக் கற்பனை பண்ணாதீங்க. கிறிஸ்துமஸ் மரம் இங்கிலாந்தில் பரவலானதே 1840-களுக்கு அப்புறம். வாழ்த்து அட்டை விற்பனைக்கு வந்தது 1843-ல்.

அதைவிட வேடிக்கை, மன்றோ ஸ்காட்லாந்துக்காரர். 1560 மதச் சீர்திருத்தத்தோடு அந்த ஊர்த் திருச்சபை கிறிஸ்துமஸையே ஏறக்கட்டிவிட்டது. பைபிளில் சொல்லாத பண்டிகை, கத்தோலிக்கச் சரக்கு என்பது அவர்கள் வாதம். 1640-ல் அவர்களுடைய பார்லிமெண்ட் அந்த விடுமுறையைச் சட்டம் போட்டே ஒழித்தது. பின்னாடி சட்டம் அப்படி இப்படி மாறினாலும் ஜனங்களுக்குப் பழகிப்போச்சு. டிசம்பர் 25 சாதாரண வேலை நாள். அங்கே அது பொது விடுமுறை ஆனது 1958-ல்! கொண்டாட்டமெல்லாம் 31-ஆம் தேதி ராத்திரிதான். ஹாக்மனே என்று பெயர்.

ஆகவே ஊர் ஞாபகம் அவருக்குப் பண்டிகை வழியாக வந்திருக்காது என்பது என் அனுமானம். வெளிச்சம் வழியாக வந்திருக்கலாம். டிசம்பர் கடைசியில் கிளாஸ்கோவில் பகல் ஏழு மணி நேரம்தான். தர்மபுரியில் பதினொன்றுக்கு மேல். நாம மப்ளர் சுத்திக்கிற மார்கழிக் குளிர் அவருக்குக் கோடைக்காலம் மாதிரி. கடிதம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் போய்ச் சேர ஆறு மாசம் போல ஆகும். இந்த டிசம்பரில் 'அம்மா எப்படி இருக்காங்க'ன்னு கேட்டால் பதில் அடுத்த டிசம்பரில்.

ஆனால் 1799-ல் கன்னடச் சீமைக்கு மாற்றல் ஆனபோது தங்கைக்கு அவர் எழுதிய கடிதம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. தர்மபுரி பக்கத்தில் ஒரு தோட்டம் போட்டிருந்தார். ஒரு பக்கம் உயரமான மலை, மறுபக்கம் பழைய மாந்தோப்பு. நடுவில் நூறடிக்கு நூறடி குளம், சுற்றிலும் கல் படிக்கட்டு. ஊற்று நன்றாகச் சுரந்ததால் குளிக்க எப்போதும் பத்துப் பன்னிரண்டு அடித் தண்ணீர் நிற்குமாம். ஆரஞ்சு, மா, அன்னாசி. அந்த வருஷம் திராட்சையும் நல்ல விளைச்சல். தர்மபுரியில் இருக்கும் நாளெல்லாம் ஒரு மணி நேரமாவது அங்கே போய் உட்காருவாராம். அதை விட்டுப் போவது பழைய சிநேகிதனை விட்டுப் போவது போல என்கிறார். அதுக்கும் மேல ஒண்ணு: வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு இருந்ததைவிட, பாராமகாலை விட்டுப் போகிற வருத்தம்தான் பெரிதாம். அன்றைக்குத் தூரதேசக் கனவு இருந்தது, இப்போது போகிற இடத்தில் ஈடுசெய்ய ஒன்றுமில்லை என்று காரணமும் சொல்கிறார். சொந்தத் தங்கையிடம் இதை எழுத ஒரு தைரியம் வேண்டும். அந்த அம்மா படித்துவிட்டு என்ன நினைத்தாரோ!

பிறகு லீவில் ஊருக்குப் போய், 1814-ல் ஜேன் கேம்பெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். 1820-ல் மதராஸ் கவர்னர். 1826-ல் மனைவி சின்ன மகனோடு கப்பலேறிவிட, அந்த டிசம்பரில் அவர் மறுபடி தனியாள். ராஜினாமா கொடுத்துவிட்டு அடுத்த கவர்னர் எப்போ வருவார் என்று காத்திருந்த நேரத்தில், 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலரா கொண்டுபோய்விட்டது. முதலில் குத்தியில் புதைத்தார்கள், பிறகு மதராஸ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஆங்கிலேயர் கட்டிய கோயில் அது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அங்கே ஸ்காட்லாந்து மாதிரித் தடை கிடையாது.