ஊட்டி தொகுதியும் எச்.எம்.ராஜுவின் மூணு வெற்றியும்

ஊட்டின்னா நமக்கு வர்க்கி, மலை ரயில், மே மாசத்து மலர்க் கண்காட்சி, அப்புறம் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு. அங்கேயும் ஓட்டுப் பெட்டி உண்டு, அதுக்கும் ஒரு குணம் உண்டுன்னு யோசிக்கிறவங்க கம்மிதான். அதனால முதல்ல ஒரு சின்னக் கணக்கு.

1980 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் 10 சட்டமன்றப் பொதுத் தேர்தல்கள் நடந்தன. அந்த 10-ல் 8 முறை உதகமண்டலம் தொகுதியில் ஜெயிச்சது காங்கிரஸ். 1967-ல் ஆட்சியை இழந்த பிறகு இங்கே மறுபடி நாற்காலி பக்கமே வராத அதே காங்கிரஸ்தான். கன்னியாகுமரிப் பக்கத்தை விட்டுட்டுப் பார்த்தா இப்படி ஒரு ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். அந்த எட்டில் கே.கள்ளனுக்கு ரெண்டு, பி.கோபாலனுக்கு ஒண்ணு, ஆர்.கணேஷுக்கு ரெண்டு. மிச்சம் மூணும் எச்.எம்.ராஜு: 1989, 1991, 2001.

சென்னையில் அரசியல் பேசுற பெரிய தலைகள்கிட்டே இந்தப் பேரைச் சொன்னா "யாருங்க அது?"ன்னுதான் கேப்பாங்க. கோட்டையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த அமைச்சர்களைத்தான் நமக்கு ஞாபகம் இருக்கும். ஆனா இந்த மூணு வெற்றியையும் ஒரு தோல்வி வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, மலைக்காரங்க எப்படி ஓட்டுப் போடறாங்கன்னு கொஞ்சம் பிடிபடும். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

ராஜுவுக்கு முந்தின கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1967-ல் ஊட்டியில் ஜெயிச்சது ராஜாஜியின் சுதந்திராக் கட்சி. அப்போ அது அண்ணாவோட கூட்டணியில் இருந்ததால அதுல பெரிய அதிசயம் இல்லை. அதிசயம் 1971-ல்தான். தி.மு.க. 184 இடம் பிடிச்ச தேர்தல் அது. சுதந்திராக் கட்சி ஸ்தாபன காங்கிரஸோட சேர்ந்து எதிர் அணியில் நின்னு, மாநிலம் முழுக்கத் தேறினது 6 இடம். அந்த ஆறில் ஒண்ணு ஊட்டி, எம்.தேவராஜன். சமவெளியில் அடிச்ச அலை மேட்டுப்பாளையத்தோட நின்னு போச்சு போல :-)

1977-ல் எம்.ஜி.ஆர். அலை மலையேறிடுச்சு, அ.தி.மு.க. ஜெயிச்சது. அடுத்து 1980. நீலகிரியில் மொத்தமே மூணு சட்டமன்றத் தொகுதி: ஊட்டி, குன்னூர், கூடலூர். அந்த வருஷம் ஊட்டியில் காங்கிரஸ், குன்னூரில் தி.மு.க., கூடலூரில் அ.தி.மு.க. மூணு தொகுதிக்கு மூணு கட்சி! "எங்க வழி தனி வழி"ன்னு ஒவ்வொரு தொகுதியும் சொன்ன மாதிரி. இதே கூத்து 2016-லும் நடந்தது, 2021-லும் நடந்தது. ஒரே மாவட்டம், பஸ்ஸில் போனா ஒரு நாளுக்குள்ள மூணு ஊரையும் சுத்திடலாம். ஆனா மூணுக்கும் மனசு வேற.

காரணம், மூணுலயும் வாழற ஜனம் வேற. கூடலூரில் மலையாளிகள் கணிசம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியவர்களும் கணிசம். கூடவே ஜன்மி நிலப் பிரச்சினை. குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர்களும். ஊட்டியில் டவுன் ஜனம், மார்க்கெட் வியாபாரிகள், அதைச் சுத்தி ஹட்டிகள். ஹட்டின்னா படகர் ஊர். கட்சி எதுவா இருந்தாலும் வேட்பாளர் படகரா இருக்கணும்ங்கறது ஊட்டியில் எழுதாத சட்டம். 1980-க்கு அப்புறம் ஜெயிச்ச எல்லாருமே படகர்தான்.

இப்போ ராஜு.

1989 ஜனவரித் தேர்தல் ஞாபகம் இருக்கறவங்களுக்கு அது எப்படிப்பட்ட தேர்தல்னு தெரியும். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் போயாச்சு. அ.தி.மு.க. ஜெ. அணி, ஜானகி அணின்னு ரெண்டாப் பிளந்து கிடந்தது. தி.மு.க. 13 வருஷ வனவாசத்துக்கு முடிவு கட்டப் பார்த்துக்கிட்டிருந்தது. காங்கிரஸ் திராவிடக் கட்சிகள் ரெண்டையும் விட்டுட்டு, மூப்பனார் தலைமையில் தனியாக் களம் இறங்கியது. ராஜீவ் காந்தி திரும்பத் திரும்பத் தமிழ்நாட்டுக்குப் பறந்து வந்தார். பலன்? தி.மு.க. 150, ஜெ. அணி 27, காங்கிரஸ் 26.

அந்த 26-ல் ஒருத்தர் ராஜு. கூடலூரிலும் காங்கிரஸ்தான் (எம்.கே.கரீம்). அதாவது நீலகிரியில் மூணுக்கு ரெண்டு.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அந்த எட்டு வெற்றியில் திராவிடக் கட்சி எதோட தோளிலும் ஏறாம வந்தது இது ஒண்ணுதான். 1980-ல் தி.மு.க. கூட்டணி, 1984-ல் அ.தி.மு.க., 1991-ல் அ.தி.மு.க., 2001-லும் அ.தி.மு.க., 2006, 2016, 2021 மூணுலயும் தி.மு.க. "கூட்டணிக் கட்சி ஓட்டுல ஜெயிக்கறாங்கப்பா"ன்னு மத்த ஏழையும் தள்ளிடலாம். 1989-ஐத் தள்ள முடியாது. ஓட்டு நாலாப் பிரிஞ்சதால கிடைச்ச வெற்றிதானேன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா மாநிலம் முழுக்கத்தான் நாலாப் பிரிஞ்சது. 200-க்கும் மேல நின்ன காங்கிரஸுக்கு 26 இடத்துலதான் அது உதவியது. சொந்த ஓட்டு இருந்த இடத்துல மட்டும்தான் பிரிவு வேலை செஞ்சது.

1991 பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை. மே 21 ஸ்ரீபெரும்புதூர். அடுத்த மாசம் தேர்தல். அ.தி.மு.க.வும் காங்கிரஸும் ஒரே அணி, தி.மு.க.வுக்கு மாநிலத்தில் ரெண்டே இடம். அந்த வருஷம் அந்த அணியில் யார் நின்னிருந்தாலும் ஜெயிச்சிருப்பாங்க, ராஜு ரெண்டாவது முறை ஜெயிச்சார். 1996-ல் எல்லாம் தலைகீழ். நரசிம்ம ராவ் மறுபடி அ.தி.மு.க.வோட கை கோர்த்ததுல மூப்பனார் த.மா.கா. கண்டு தி.மு.க.வோட போனார், காங்கிரஸ் சட்டமன்றத்தில் ஒரு இடம்கூட இல்லாமப் போச்சு. ஊட்டி தி.மு.க.வின் குண்டன் வசம் போனது. பூஜ்யம் வாங்கின கட்சிக்கு ஊட்டி மட்டும் என்ன செய்யும்?

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. 2001-ல் ராஜு திரும்பி வந்தார். கூட்டணிக் கணக்கு ஒரு காரணம்தான்: அ.தி.மு.க., த.மா.கா., காங்கிரஸ், பா.ம.க., இடதுசாரிகள்னு பெரிய அணி. ஆனா மலையில் அப்போ இன்னொரு விஷயம் எரிஞ்சுக்கிட்டிருந்தது. பச்சைத் தேயிலை விலை.

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். படகர்கள் முன்னாடி உருளைக்கிழங்கு ஜனம். படகர்களிலிருந்து முதன்முதலா சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போன ராவ் பகதூர் எச்.பி.ஆரி கவுடர், 1935-ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவாகக் காரணமா இருந்தவர். கிழங்கைத் தரகர்கள் அடிமாட்டு விலைக்குக் கேக்கறதைத் தடுக்கத்தான் அது. (மேற்கு மாம்பலம் நண்பர்களே, உங்க ஆரிய கவுடா ரோடு இவர் பேர்தான்! ஆரியரும் இல்லை, திராவிடரும் இல்லை, ஹுப்பத்தலை ஆரி கவுடர்.) 1961-ல் உருளைக்கிழங்கில் தங்க நூற்புழு ஊட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. வேரைத் தாக்கற கண்ணுக்குத் தெரியாத புழு. மண்ணுல ஒரு தடவை வந்தா லேசுல போகாது. அடுத்தடுத்த வருஷங்கள்ல கிழங்குக் காடுகள் கொஞ்சம் கொஞ்சமா டீத் தோட்டமா மாறுச்சு. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்க்காரங்க. இலையைப் பறிச்சுக் கூட்டுறவு ஃபாக்டரிக்கோ தனியார் ஃபாக்டரிக்கோ போடுவாங்க. இண்ட்கோன்னு மலையில் சொல்லுவாங்களே, அந்தக் கூட்டுறவு ஃபாக்டரிகள் 1960-களில் தொடங்கினவை.

அந்தத் தூள் பெரும்பாலும் போனது சோவியத் யூனியனுக்கு. அது 1991-ல் உடைஞ்சது, 1998-ல் ரூபிளும் விழுந்தது. மாஸ்கோவில் ரூபிள் விழுந்தா மஞ்சூரில் இலை விலை விழும்! 2000 வாக்கில் கிலோ இலை ஒற்றை இலக்க ரூபாய்க்கு இறங்கியது. பறிகூலிக்கே கட்டாது. போராட்டம், மறியல். இன்னொரு பக்கம் ஊட்டியில் ஆயிரக்கணக்கானவங்களுக்குச் சம்பளம் கொடுத்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1990-களின் நடுவிலேயே நலிவடைஞ்ச கம்பெனி. இதுக்கு நடுவுல 1998, 1999 நாடாளுமன்றத் தேர்தல்களில் நீலகிரியில் ஜெயிச்சது பா.ஜ.க.வின் மாஸ்டர் மாதன். அவரும் படகர்தான். பழைய காங்கிரஸ் ஓட்டு கையை விட்டுப் போயிடுச்சுன்னு எல்லாரும் எழுதினாங்க. 2001-ல் ஊட்டி ராஜுவை எடுத்தது, 2004-ல் நாடாளுமன்றத்துக்கும் காங்கிரஸின் ஆர்.பிரபுவை அஞ்சாவது முறையா அனுப்பியது.

என் கருத்தைக் கேட்டா, இது கட்சி விசுவாசம் மட்டும் இல்லை. இலை விலை மாநில அரசு கையில் இல்லை. தேயிலை வாரியம் டெல்லியோடது, ஏற்றுமதி இறக்குமதி டெல்லியோடது, போட்டோ ஃபிலிம்ஸ் டெல்லியோடது, அருவங்காடு டெல்லியோடது. மலைக்காரனுக்குப் பேச வேண்டிய ஆபீஸ் எல்லாம் டெல்லியில் இருக்கறப்போ, டெல்லியில் வாய் உள்ள கட்சிக்கு ஓட்டுப் போடறான். ஒரு காலம் அது காங்கிரஸ், நடுவுல பா.ஜ.க. 2021-ல் கணேஷுக்கு ஊட்டியில் கிடைச்ச வித்தியாசம் 5 ஆயிரத்துச் சொச்சம்தான். எதிர்ல நின்னது பா.ஜ.க.வின் போஜராஜன். ரெண்டு தேசியக் கட்சி நேருக்கு நேர் மோதின தொகுதி தமிழ்நாட்டில் எத்தனை இருந்தது, சொல்லுங்க பார்ப்போம்.

ஆனா இதுக்கு ஒரு விலையும் உண்டு. தமிழ்நாட்டில் திராவிடக் கட்சிகள் ஆட்சிக்கு வந்தா கூட்டணிக் கட்சிக்கு மந்திரி பதவி கொடுக்கற வழக்கம் இல்லாம இருந்தது. 1984, 1991, 2001, 2006, 2021 அஞ்சு முறை ஊட்டி எம்.எல்.ஏ. ஜெயிச்ச அணியில்தான் இருந்தார். ஒரு முறையும் அந்த ஆட்சிகளில் மந்திரி ஆகலை. ராஜு மூணு முறை ஜெயிச்சும் ஆகலை. 2011-ல் அ.தி.மு.க. நேரடியா நின்னு 7 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயிச்சதும் புத்திசந்திரன் உடனே உணவு அமைச்சர் ஆனார். அது அதிக நாள் நீடிக்கலைங்கறது வேற விஷயம். சொந்தக் கட்சிக்காரங்களுக்கு வயித்தெரிச்சல் இருக்காதா பின்னே? தி.மு.க., அ.தி.மு.க. ரெண்டுமே ஊட்டியை வருஷக் கணக்கா காங்கிரஸுக்குத் தாரை வார்த்ததுல, அந்த ஊர்ல கொடி கட்டி, சுவர் எழுதி வயசான உடன்பிறப்புக்கும் ரத்தத்தின் ரத்தத்துக்கும் சீட்டுங்கறது எட்டாக்கனி.

2008 தொகுதி மறுசீரமைப்பு இன்னொரு பூட்டுப் போட்டது. அதுவரைக்கும் குன்னூர் தனித்தொகுதி, கூடலூர் பொது. அது அப்படியே மாறி கூடலூர் தனி, குன்னூர் பொது ஆச்சு. நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியும் தனியாச்சு, 2009-ல் ஆ.ராசா வந்தார். படகர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ரொம்ப காலமாக் கேக்கறாங்க, இதுவரை சேர்க்கலை. பிற்பட்டோர் பட்டியல்ல இருக்கறதால தனித்தொகுதியில் நிக்க முடியாது. ஆக நாடாளுமன்ற வாசல் மூடியாச்சு. சட்டமன்றத்துக்கு ரெண்டே கதவு: ஊட்டி, குன்னூர். ராஜு காலத்தில் ஊட்டி சீட்டுங்கறது ஒரு கட்சியின் சீட்டு. இப்போ அது ஒரு ஜனத்துக்கு மிஞ்சின ரெண்டில் ஒண்ணு.

இளித்தொரை கா.ராமச்சந்திரன் கதையைப் பாருங்க. 2006-ல் கூடலூரில் ஜெயிச்சு கதர்த் துறை அமைச்சர். கூடலூர் தனியானதும் 2011-ல் குன்னூருக்கு வந்தார், ஜெயிச்சார். 2021-ல் மறுபடி குன்னூர், வனத்துறை, 2022 டிசம்பரில் சுற்றுலாத் துறை. 2023 செப்டம்பரில் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகற விலை கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தப்போ, குன்னூர் எம்.எல்.ஏ. மாநில மந்திரி, ஊட்டி எம்.எல்.ஏ. ஆளுங்கட்சிக் கூட்டணி, எம்.பி. ஆளுங்கட்சி. அப்பவும் கோரிக்கை மனு போக வேண்டிய இடம் டெல்லிதான். 2024 செப்டம்பரில் ராமச்சந்திரனின் மந்திரி பதவி போய், அரசு தலைமைக் கொறடா ஆனார்.