யமன் யாருடையது, கல்யாணி யாருடையது?

 

நம் நாட்டில் சிங்கள மொழிப் பாடசாலைகளில் வட இந்திய ராகங்கள் படிப்பிக்கிறார்கள். தமிழ் மொழிப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம். பூண்டுலோயாவில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளே "அது அவங்கட, இது எங்கட" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நம் முஸ்லிம் பிள்ளையோ "ரெண்டுமே நமக்கில்ல" என்று ஒதுங்கிவிடுகிறது. இசை கூடுமா, கூடாதா என்ற மார்க்கப் பேச்சு இதுவல்ல. வரலாறு மட்டும் பேசுவோம்.

அங்கே யமன், இங்கே கல்யாணி. இரண்டுக்கும் ஏழு சுரங்களும் ஒன்றே. நடைதான் வேறு. யமன் பெரும்பாலும் கீழ் நி-யில் தொடங்கி "நி ரி க" என்று ஏறும். ஏறும்போது ஸ-வையும் ப-வையும் அடிக்கடி தாண்டிவிடும். க தான் அதன் முதன்மைச் சுரம், நி அதற்குத் துணை. சுரத்தில் நின்று நிதானமாக நகரும். மஃரிபுக்குப் பிறகு, முன்னிரவில் பாடுவது வழக்கம். கல்யாணி அதே சுரங்களைக் கமகத்தால் அசைத்து, வளைத்துப் பாடும்.

யமனை டில்லியின் அமீர் குஸ்ரோ (1253–1325) உருவாக்கினார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் இன்னொரு சான்று தஞ்சாவூரில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில், வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை' எழுதினார். கல்யாணி கீதத்துக்கும் பிரபந்தத்துக்கும் ஏற்றதல்ல, ஆனாலும் துருக்கருக்கு மிகவும் பிரியமானது என்பது அதில் அவர் சொன்ன கருத்து. துருக்கர் என்று அன்று குறித்தது முஸ்லிம்களை.

அப்படி ஒதுக்கப்பட்ட ராகத்தில்தான் பிறகு தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் கீர்த்தனை செய்தார்கள். இன்று 72 மேளகர்த்தாக்களில் அது 65ஆவது, மேசகல்யாணி. கல்யாணி இல்லாத கச்சேரி மரபை இன்று நினைத்தும் பார்க்க முடியாது.

இங்குள்ள பாடசாலைப் பிரிவும் பழையதல்ல. லக்னோவின் பாத்கண்டே கல்லூரியில் படித்து வந்த சிங்களக் கலைஞர்களால்தான் வட இந்திய முறை இங்கே வேரூன்றியது. 1952இல் அக்கல்லூரியின் எஸ். என். ரத்தன்ஜன்கர் வந்து இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரித்தார். அதன் பின் அந்த முறை இன்னும் வலுத்தது.

ஆகவே "இது உனக்குரியதல்ல" என்று யாராவது நம் பிள்ளைகளிடம் சொன்னால், இந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.