சால்வையும் தலைப்பாகையும்

கோப்பாயிலே ஒரு காலத்தில் யாழ்ப்பாண மன்னருக்குரிய கோட்டை ஒன்று இருந்தது. 1560ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் அக்கோட்டைக்கே பின்வாங்கினான். அம்மன்னன் உடுத்த பட்டின் சுவட்டை ஊராரின் உடையிலே இன்று காண்பதற்கில்லை. பிற நாடுகளில் அரசவையே உடைக்கு வழிகாட்டியது. பிரான்சிலே பதினான்காம் லூயி அணிந்த பொய்முடியை ஐரோப்பியப் பிரபுக்கள் பலரும் அணிந்தனர். யாழ்ப்பாணத்திலோ அவ்வேலையைச் செய்தவர் பள்ளிக்கூட வாத்தியாரே.

அவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஆறுமுக நாவலர். வெசிலியன் மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் அவர். 1848ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்து வண்ணார்பண்ணையிலே சைவப் பாடசாலையை நிறுவினார். ஆங்கிலம் கற்றவன் கோட்டும் களிசானும் பூணவேண்டும் என்ற எண்ணம் இளைஞரிடையே வேரூன்றிவந்த காலம் அது. நாவலரோ வெள்ளை வேட்டியும் சால்வையும் திருநீறும் உருத்திராக்கமுமாகவே விளங்கினார். ஆங்கிலக் கல்வி வேறு, ஆங்கில உடை வேறு என்பதைச் சொல்லாமலே சொன்ன கோலம் அது. சைவப் பாடசாலைச் சுவர்களிலே அவருடைய படம் தொங்கியது. அதைப் பார்த்து வளர்ந்த தமிழாசிரியர்களுக்கு அதுவே உடைச் சட்டமாயிற்று.

அதே காலத்தில், 1850களின் தொடக்கத்திலே, கோப்பாய்ப் பாடசாலையில் இளைஞர் ஒருவர் கற்பித்துக்கொண்டிருந்தார். அயலூராகிய சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர். பின்னர்ச் சென்னை சென்று, 1857இல் அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். புதுக்கோட்டையிலே நீதிபதியாகவும் வீற்றிருந்தார். சென்னை உத்தியோகத்தருக்குத் தலைப்பாகையும் நீண்ட கோட்டும் அக்கால வழக்கு. நாவலரும் பிள்ளையவர்களும் செய்த பணி ஒன்றே: தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை நாவலர் பரிசோதிக்க, 1868இல் பிள்ளையவர்கள் வெளியிட்டார்.

ஏடு காப்பதற்கு இன்ன உடைதான் வேண்டும் என்ற நியதி இல்லை. ஆனால், யாழ்ப்பாணத்து உடையார்களும் பிரக்கிராசிமாரும் எழுதுவினைஞரும் இரண்டையும் விட மனமின்றி ஒரு சமரசம் செய்துகொண்டனர். தலையிலே தலைப்பாகை, மேலே கோட்டு, தோளிலே சால்வை, இடுப்பிலே வேட்டி. இடுப்புக்கு மேலே கச்சேரிக்கும், கீழே கோயிலுக்கும் என்று உடலைப் பங்கிட்டுக்கொண்டார்கள் போலும்!

பெண்கள் உடையின் வரலாறும் பள்ளிக்கூடத்திலேதான் திரும்பியது. அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலிலே பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். ஊணும் உடையும் கொடுத்து, மணமாகும்போது சீதனமும் கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்க்கவேண்டியிருந்தது. 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். சேலையோடு ரவிக்கை அணிந்து, தையலும் கற்று வெளிவந்த மாணவியரே கிராமந்தோறும் ஆசிரியைகளாயினர். 1877இல் கொழும்பிலே சிங்கர் கம்பனி கடை திறந்தது. தையல் இயந்திரம் வீடுகளுக்கு வரவர, ஆசிரியையின் ரவிக்கை அயலவளின் ரவிக்கையுமாயிற்று.

எல்லா அயலவளுக்கும் அன்று. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் ரவிக்கை அணிதலும், ஆண்கள் தோளிலே சால்வை இடுதலும், குடை பிடித்தலும், சப்பாத்து அணிதலும் தடுக்கப்பட்டிருந்த நாடு இது. கற்றோர் தோளில் கண்ணியமாகக் கிடந்த அதே சால்வை, வயலில் உழைத்தவன் தோளில் குற்றமாகக் கருதப்பட்டது. நாவலரும் சாதி ஒழுங்கை மறுத்தவர் அல்லர். அதை மறைத்து அவரைப் போற்றுதல் வரலாறாகாது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே உதவிபெறும் பாடசாலைகளில் சமாசனம் வழங்கும்படி அரசாங்கம் பணித்தபோது, சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. வாங்கிலே ஒன்றாக இருத்தலையே பொறாதவர், உடையிலே ஒப்புமையை எங்ஙனம் பொறுப்பர்?

உடை உரிமையாகும் என்பதை உயர்நீதிமன்றமும் கண்டது. 1905இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் வந்ததைப் பிரதம நீதியரசர் ஆட்சேபித்தார். அவர் தொப்பியைக் கழற்றாது வெளியேறினார். முஸ்லிம்கள் பெருங்கூட்டம் கூட்டிக் கிளர்ந்தனர். பின்னர் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் ஆனந்த குமாரசுவாமி இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்து, மேனாட்டு உடையைப் போலி செய்வதைக் கண்டித்தார்.

ஆயினும் இளைஞரின் உள்ளத்தைத் தொட்டவர் காந்தியடிகளே. 1921இல் மதுரையிலே, ஏழையின் முழத்துண்டையே தம் உடையாக ஏற்றவர் அவர். 1927 நவம்பரில் வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்து கதர் நிதி திரட்டினார். தீண்டாமையை எதிர்த்த அவ்வாலிபர்கள் வேட்டியும் நீண்ட சட்டையுமான தேசிய உடையை மேற்கொண்டனர். அவர்களுள் முதல்வரான ஹன்டி பேரின்பநாயகம், கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராகப் பின்னர் விளங்கியவர், கிறித்தவர். எனினும் வேட்டியே அவர் உடை. நாவலர் சைவத்துக்கு அடையாளமாகக் கொண்ட வேட்டியை, பேரின்பநாயகம் நாட்டுக்கு அடையாளமாக்கினார்.

பிற்காலத்தில் சினிமா வந்து ரவிக்கையின் கையைக் குறுக்கியும் நீட்டியும் வேடிக்கை காட்டிற்று. கோட்டும் தலைப்பாகையும் மணமேடைக்குச் சுருங்கின. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வாசலிலே மட்டும் ஆண்கள் இன்றும் மேற்சட்டையைக் கழற்றுகின்றனர். வேட்டி நிற்கிறது, சால்வை தோளிலிருந்து இறங்கி இடுப்பைச் சேர்கிறது.