பிலிம் கழுவுதல்

பிலிம் கழுவுதல் என்பது படமெடுத்த சுருளை இருட்டறையில் வேதிக்கரைசல்களில் இட்டு உருவத்தை வெளிக்கொணரும் முறையாகும். கறுப்பு வெள்ளைச் சுருளையும் தாளையும் தயாரிக்க உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1967இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்பது அதன் வணிகப்பெயர்.

டெவலப்பர் கரைசலுக்கு ஏற்ற வெப்பநிலை 20 பாகை செல்சியசு. அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்த பெரம்பலூர், அரியலூர் பகுதிகளின் கோடையில் அது எளிதன்று. கரைசல் சூடானால் உருவம் விரைவில் கருத்துவிடும். ஜெலட்டின் பூச்சு இளகி உரியவும் கூடும். ஆகவே கரைசல் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைக்க வேண்டும்.

அடுத்து ஹைப்போ, ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைப்படுத்தும். ஆனால் அதுவே சுருளில் தங்கிவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்லப் படம் பழுத்து மங்கும். எனவே ஓடும் நீரில் சுமார் அரைமணி நேரம் அலசுவது வழக்கம். தண்ணீர் அரிதான கோடையில் இந்த அலசலைக் குறைத்தால் படத்தின் ஆயுளும் குறையும்.

எண்ணிமப் படக்கருவிகள் வந்தபின் இருட்டறைகள் மறைந்தன. உதகை ஆலையும் மூடப்பட்டது. எனினும் நன்கு அலசிய நெகட்டிவில் உருவம் வெள்ளித் துகளாக நிற்கிறது. அதிலிருந்து இன்றும் பிரதி எடுக்கலாம். பழைய ஸ்டுடியோக்களின் நெகட்டிவ் பெட்டிகள் குப்பைக்குப் போனால், ஊரின் முகங்களும் அவற்றோடு போய்விடும்.