த வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ

த வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ என்பது அமெரிக்காவின் நியூயோர்க் நகரைச் சேர்ந்த த வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்னும் சோதனைமுறை ராக் இசைக்குழுவின் முதலாவது இசைத்தொகுப்பு ஆகும். இது செருமானியப் பாடகி நிக்கோவுடன் இணைந்து உருவாக்கப்பட்டு, மார்ச் 1967 இல் வெர்வ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இதில் 11 பாடல்கள் உள்ளன.

உருவாக்கம்

லூ ரீட், ஜோன் கேல், ஸ்டெர்லிங் மொரிசன், மவுரீன் டக்கர் ஆகியோர் இக்குழுவின் உறுப்பினர்கள். ஓவியர் ஆண்டி வார்ஹால் இக்குழுவை ஆதரித்ததுடன் தொகுப்பின் தயாரிப்பாளராகவும் குறிப்பிடப்பட்டார். பெரும்பாலான பாடல்கள் 1966 ஏப்ரலில் நியூயோர்க்கில் பதிவு செய்யப்பட்டன. சில பாடல்கள் டாம் வில்சனின் மேற்பார்வையில் பதிவாயின. எனினும், தொகுப்பு வெளிவர ஏறத்தாழ ஓராண்டு ஆனது.

இசை

வேல்சில் பிறந்த கேல் மேற்கத்திய செவ்வியல் இசை பயின்றவர். நாதசுவரத்திற்கு ஒத்து ஊதுவதைப் போல, வயோலாவில் ஒரே சுரத்தை நீட்டி ஒலிக்கும் முறையை இவர் ராக் இசையில் புகுத்தினார். ரீட் சில பாடல்களில் கிதாரின் எல்லாத் தந்திகளையும் ஒரே சுரத்திற்குச் சுருதி சேர்த்து வாசித்தார். டக்கர் நின்றுகொண்டே முரசுகளை எளிய தாளத்தில் முழக்கினார். போதைப்பொருள் பழக்கம், நகர வாழ்வின் இருண்ட பக்கம் முதலிய, அக்காலப் பாடல்கள் தொடத் தயங்கிய பொருள்களை ரீட்டின் வரிகள் எடுத்துரைத்தன.

அட்டைப்படம்

முன்னட்டையில் வார்ஹால் வரைந்த வாழைப்பழம் இடம்பெற்றது. முதற் பதிப்புகளில் பழத்தின் தோலை உரித்தெடுக்கக் கூடியவாறு ஒட்டுப்படம் அமைக்கப்பட்டிருந்தது. பின்னட்டை ஒளிப்படத்தில் தன் உருவம் இருந்ததற்காக நடிகர் ஒருவர் பணம் கோரியதால், அதனை மாற்ற நேர்ந்தது. இதனால் விற்பனையும் தடைப்பட்டது.

வரவேற்பும் தாக்கமும்

வெளியான காலத்தில் இத்தொகுப்பு பில்போர்ட் தரவரிசையில் 171 ஆம் இடத்திற்கு மேல் செல்லவில்லை. ஆனால், வாங்கிய சிலருள் பலர் தாமே இசைக்குழு தொடங்கினர் என்னும் கருத்தை இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1982 இல் தெரிவித்தார். பங்க் இசைக்கும் பின்வந்த மாற்று ராக் இசைக்கும் இது முன்னோடியாகக் கருதப்படுகின்றது.

இக்குழுவின் தாக்கம் அரசியலையும் எட்டியது. செக்கோசிலோவாக்கியாவில் 1968 இல் தோன்றிய த பிளாஸ்டிக் பீப்பிள் ஒஃப் த யூனிவர்சு என்ற குழு, இவர்களின் பாடல்களைப் பாடி வளர்ந்தது. அக்குழுவினர் 1976 இல் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றனர். அதற்கெதிரான குரலே வாட்சுலாவ் ஹாவெல் உள்ளிட்டோர் 1977 இல் வெளியிட்ட சாசனம் 77 என்னும் மனித உரிமை அறிக்கைக்குத் தூண்டுகோல்களுள் ஒன்றாயிற்று.

அமெரிக்கக் காங்கிரசு நூலகம் இத்தொகுப்பைத் தனது தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாத்து வருகின்றது.