சிதைவும் தொலைவும்: 'ஃப்ரீஸ்பேஸ் 2' விண்கல மாதிரிகளின் வரலாற்றிலிருந்து

1976 அக்டோபரில் ஜேம்ஸ் கிளார்க் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, கணினி வரைகலைக்கு எளிய யோசனை ஒன்றைத் தந்தது. திரையில் சில புள்ளிகளாக மட்டுமே தெரியும் பொருளை முழு நுணுக்கத்துடன் வரைவது வீண். ஒரே பொருளுக்கு நுணுக்கம் கூடியதும் குறைந்ததுமாகப் பல வடிவங்களை வைத்துக்கொண்டு, அது திரையில் அடைக்கும் இடத்துக்கேற்ப ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

1999இல் வோலிஷன் நிறுவனம் உருவாக்கிய 'ஃப்ரீஸ்பேஸ் 2' விளையாட்டில் இந்த யோசனை கோப்பின் கட்டமைப்பாகவே இறுகிவிட்டது. விண்கல மாதிரிகளைத் தாங்கும் 'பி.ஓ.எஃப்.' கோப்பின் தலைப்பகுதியில் இரண்டு பட்டியல்கள் உண்டு: ஒன்று நுணுக்கநிலைகளுக்கு, மற்றொன்று சிதைவுத் துண்டுகளுக்கு. கலத்தைச் செய்பவர் அதன் தொலைதூரத் தோற்றத்தையும் அதன் அழிவையும் உடன் செய்தாக வேண்டும். எத்தனை தூரத்தில் எந்த நிலைக்கு மாறுவது என்பது தனியே ஓர் அட்டவணைக் கோப்பில் எழுதப்படும்.

மொழியியல் மாணவர் கவனிக்கத்தக்கது இங்குள்ள பெயரிடல். பீரங்கிக் கூண்டின் பெயரோடு 'டெஸ்ட்ராய்ட்' என்ற ஒட்டுச் சேர்ந்தால், அது அக்கூண்டின் உடைந்த வடிவம் என எஞ்சின் அறியும். ஏறக்குறைய ஒரு விகுதிதான். எழுத்துப்பிழை நேர்ந்தால் உறவு அறுந்துபோகும். எஞ்சினுக்கு அது தொடர்பற்ற வேறொரு பாகம்.

2002இல் மூலநிரல் திறந்துவிடப்பட்ட பின் ஆர்வலர்கள் பழைய மாதிரிகளை மறுபடி செய்யத் தொடங்கினர். முதல்நிலை மாதிரிக்கே புகழெல்லாம். ஆனால் கைத்திறன் வெளிப்படுவது கீழ்நிலைகளில் என்றே சொல்ல வேண்டும்: எந்த அலைக்கம்பியை நீக்கலாம், எந்த விளிம்பை நீக்கினால் கலத்தின் நிழலுருவே மாறிவிடும் என்ற தீர்ப்பு அங்கேதான் தேவைப்படுகிறது. நன்கு செய்யப்பட்டால் ஆட்டக்காரர் மாற்றத்தை உணரவே மாட்டார். சிதைவுத் துண்டோ வேறு வகை உழைப்பு. மேலோட்டை வெட்டினால் உள்ளே வெறுமைதான் தெரியும். கருகிய தளங்களையும் முறிந்த உத்திரங்களையும் புதிதாகக் கற்பனை செய்து வெட்டுமுகத்தை மூட வேண்டும். முழுக்கலத்தில் எவரும் காணாத உட்புறம், அது சாகும் சில நொடிகளுக்காகக் கட்டப்பட்டது.

இம்மாதிரிகள் பலவும் 'ட்ரூஸ்பேஸ்' மென்பொருளில் உருவாகி, பின்னர் பி.ஓ.எஃப். வடிவுக்கு மாற்றப்பட்டவை. அம்மென்பொருளின் நிறுவனமான கலிகாரியை 2008இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ட்ரூஸ்பேஸ் இலவசமாகி, பின் கைவிடப்பட்டது. மாற்றுக்கருவிகள் 'கொலாடா' வடிவத்துக்கு நகர்ந்தன. ஆட்டத்திற்குள் சென்ற இறுதிக் கோப்பிலிருந்து வடிவத்தை மீட்டெடுக்கலாம். எந்தத் துண்டை முதலில் வெட்டினார், எதை வரைந்து பார்த்துக் கைவிட்டார் என்பதை மீட்க இயலாது. வோலிஷனும் 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆர்வலர் பதிப்போ இன்றும் திருத்தப்பட்டுவருகிறது.