யார், எதை, எப்போது?

பலர் கூடிச் செய்யும் வேலையில் தொல்லை எங்கே பிறக்கிறது? பெரும்பாலும் சோம்பலில் அன்று. "இதை அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வதில்தான் பிறக்கிறது. இதற்கு மருந்து, எல்லோர் கண்ணிலும் படும் ஒரு பொதுப் பட்டியல். அப்பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் (1861–1919), முதல் உலகப் போரின்போது படைக்கலத் தொழிற்சாலைகளின் வேலையையும் கப்பல் கட்டும் வேலையையும் ஒழுங்குபடுத்த ஒரு படத்தைப் பயன்படுத்தினார். கிடையாகக் காலம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு. திட்டமிட்டது எவ்வளவு, முடிந்தது எவ்வளவு என்பது அருகருகே தெரியும். எந்த வேலை பின்தங்கியது என்பதை மேற்பார்வையாளர் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம். வாலஸ் கிளார்க் 1922இல் எழுதிய நூல் இம்முறையைப் பரப்பியது.

இப்படத்தில் ஒரு குறை உண்டு. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டுவதில்லை. வேலைகள் பத்து என்றால், அவற்றை இரண்டிரண்டாக இணைத்துப் பார்க்க 45 வழிகள்தான் உண்டு, மனத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் என்றால் 4,99,500 வழிகள்! மனித மூளை இங்கே திணறிவிடும்.

இந்தச் சிக்கலைத்தான் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் சந்தித்தது. 1958இல் அதற்காக உருவானது 'பெர்ட்' என்னும் வலைப்பின்னல் முறை. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கால மதிப்பீடுகள் கேட்கப்படும். எல்லாம் கூடிவந்தால் 4 வாரம், வழக்கம்போல் நடந்தால் 6 வாரம், இடையூறு வந்தால் 14 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு மதிப்பை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 7 வாரம் கிடைக்கும். இக்கணக்குகளைக் கம்ப்யூட்டர் போட்டது. 1960 ஜூலையில் நீருக்கடியில் இருந்த நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து போலாரிஸ் பாய்ந்தது. பெர்ட்டின் புகழும் உலகெங்கும் பரவியது.

ஆனால் அத்திட்டத்தை ஆராய்ந்த ஹார்வி சபோல்ஸ்கி 1972இல் வெளியிட்ட நூலில் வேறொரு செய்தி சொன்னார். வேலையை நடத்தியதில் பெர்ட்டின் பங்கு சிறிது. திட்டம் திறமையாக நடக்கிறது என்று வெளியாரை நம்பவைத்ததில்தான் அதன் பங்கு பெரிது என்பதே அவர் முடிவு.

இதற்கிடையே ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ மிக எளிய கருவி ஒன்றைக் கையாண்டார்: ஒரு சீட்டு. ஜப்பானிய மொழியில் 'கான்பன்'. அலமாரி காலியாகும் அளவுக்கே சரக்கை நிரப்பும் அமெரிக்கக் கடைகளின் வழக்கமே அவருக்குத் தூண்டுகோல். என்ன உறுப்பு, எத்தனை வேண்டும் என்பதைச் சீட்டு சொல்லும். சீட்டு வராமல் உறுப்பைச் செய்யக் கூடாது. பிற்காலத்தில் கம்ப்யூட்டர் நிரல் எழுதுவோர் இதைப் பலகையில் மூன்று பத்திகளாக மாற்றிக்கொண்டனர்: செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை. 2011இல் வந்த டிரெல்லோ அப்பலகையையே திரைக்குக் கொண்டுவந்தது.

இவற்றுள் உங்களுக்கு ஏற்றது எது? இயற்பியலில் ஓர் உண்மை உண்டு. சிறு கிண்ண வெந்நீரில் பெரிய வெப்பமானியை விட்டால், அது நீரின் வெப்பத்தையே உறிஞ்சிக்கொள்ளும்; அளவு பிழையாகிவிடும். பட்டியலும் அப்படித்தான். அதைப் பேணுவதும் ஒரு வேலை. அணை கட்டுவோருக்கு வலைப்பின்னல் தேவை. ஐந்து பேர் இரண்டு வாரத்தில் அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்யும்போது அது தேவையில்லை; கருவியைக் கற்பதற்குள் கண்காட்சியே வந்துவிடும்.

எனவே எந்தக் கருவியையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். எல்லோரும் எளிதில் பார்க்க முடிகிறதா? ஒவ்வொரு வேலைக்கும் நேராக ஒரே ஒருவர் பெயரும் ஒரு தேதியும் இருக்கின்றனவா? முடிந்ததைக் குறிக்க அரை நிமிடம் போதுமா? ஒரே அறையில் வேலை செய்வோருக்குச் சுவரில் ஒட்டிய தாளே இச்சோதனையில் தேறிவிடும். வெவ்வேறு ஊர்களில் இருந்தால், அதே பத்திகளைக் கைப்பேசியில் எல்லோரும் திருத்தக்கூடிய ஒரு பொதுத் தாளில் வையுங்கள். ஒரு வேலைக்கு எதிரே இரண்டு பெயர்கள் இருந்தால் மட்டும் உடனே ஒன்றை அடித்துவிடுங்கள். இருவர் பொறுப்பு என்பது பல வேளைகளில் யாருடைய பொறுப்பும் இல்லை.